ஒன்பதடி பத்தரை இஞ்ச்

வீட்டில் கோழி வளர்க்க நகராட்சி அனுமதி வேண்டும் என்பது கோழிக்கூடு கட்டி முடித்த பிறகுதான் தையல்காரிக்குத் தெரிந்தது. விதிகள் ஒரே பக்கம்தான். ஆறு கோழிக்கு மேல் கூடாது. சேவல் கூடாது. அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து கூடு பத்தடி தள்ளி இருக்க வேண்டும்.

அவளிடம் நான்கு கோழிகள். சேவல் இல்லை. மூன்றாவது விதிக்காகக் கழுத்தில் கிடந்த டேப்போடு கொல்லைக்குப் போனாள். டேப் ஐந்தடி நீளம். ஒரு முறை முழுதாக வைத்து, முடிந்த இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். கோட்டிலிருந்து மறுபடி வைத்தாள். அறுபது வர வேண்டும். ஐம்பத்தெட்டரை வந்தது.

மூன்று முறை அளந்தாள். ஒன்றரை இஞ்ச் குறைந்தது குறைந்ததுதான்.

"பத்தடின்னு எழுதிடு," என்றான் கணவன். பஸ் ஓட்டுகிறவன். "ஒன்றரை இஞ்சுக்கு யாரு வரப்போறா?"

"அரை இஞ்ச் கொறஞ்சாலே பட்டன் சேராதுங்க."

"கோழிக்கு எதுக்குடி பட்டன்?"

விண்ணப்பத்தில் 'ஒன்பதடி பத்தரை இஞ்ச்' என்று எழுதினாள். பொய் எழுதினால் கதவு தட்டும்போதெல்லாம் நகராட்சியோ என்று எட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு உண்மையே தேவலாம் என்று நினைத்தாள். அனுப்பிய பிறகும் எட்டிப் பார்க்கத்தான் செய்தாள்.

கூட்டை நகர்த்த வழியில்லை. செங்கல் சுவர், சிமென்ட் தரை. மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி இடித்தது. கட்டிக்கொடுத்தவன் கொழுந்தன், கொத்தனார். "செவுத்தையெல்லாம் பிரிச்சுத் தைக்க முடியாது அண்ணி. இடிக்கத்தான் முடியும்," என்று போனில் சொல்லிவிட்டான். "அனுமதி கெடைக்கலன்னா கோழிங்கள எங்கிட்ட குடுத்துடு," என்றாள் நாத்தனார். அவள் வளர்க்கிறவள் அல்ல. நன்றாகச் சமைக்கிறவள்.

பகல் முழுக்க அந்த வீட்டில் மெஷினும் அவளும்தான். மெஷின் நிற்கும்போது கொல்லையிலிருந்து நான்கும் தமக்குள் முணுமுணுப்பது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். பிறகு நினைக்கவில்லை.

பத்தாம் நாள் காலை நகராட்சி ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுக்காரி. கையில் ஃபைல், தோள்பையில் இரும்பு டேப்.

"ஒன்பதடி பத்தரைன்னு எழுதினது நீங்களா?"

"ஆமா மேடம்."

"இருபது வருஷ சர்வீஸ்ல, கொறச்சு எழுதின ஆளை இப்பத்தான் பாக்கறேன். எல்லாரும் பத்தடின்னு எழுதிட்டு, நாங்க வர்றப்ப நாயை அவுத்து விடுவாங்க."

டேப்பின் நுனியைக் கணவன் சுவரோடு பிடித்தான். ஆய்வாளர் கூடு வரை இழுத்துக்கொண்டு போய்க் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பத்தடி ஒரு இஞ்ச்."

"சரியா பாத்தீங்களா மேடம்?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயை மூடு என்று கணவன் கண்ணாலேயே சொன்னான்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "நீங்க எதுல அளந்தீங்க?"

அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவிக் கொடுத்தாள். ஆய்வாளர் அதைத் தன் இரும்பு டேப்போடு சேர்த்துத் தரையில் விரித்தார். அவளுடைய அறுபது, இரும்பின் அறுபத்தொன்றேகாலில் போய் நின்றது.

"எத்தன வருஷமா வச்சிருக்கீங்க?"

"ஒம்பது வருஷம் இருக்கும்."

"துணி டேப்பு. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. அதான் கொறச்சுக் காட்டுது."

"இதுலதான மேடம் தெனமும் தைக்கிறேன்! ஒரு சட்டகூடத் தப்புனதில்லையே."

"எப்படித் தப்பும்?" என்றான் கணவன். "ஒடம்பையும் இதாலதான் அளக்கற, துணியையும் இதாலதான் அளந்து வெட்டற. ரெண்டு பக்கமும் ஒரே பொய்." அவன் சட்டென்று நிறுத்தினான். "அப்ப அந்தத் துணிக்கடைக்காரரு? மீட்டருக்கு ஒரு வெரக்கடை கொறைக்கிறாருன்னு ரெண்டு வருஷமா சண்ட போட்டியே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே ஃபைலைக் கூட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தி அனுமதிச் சீட்டைக் கொடுத்தார்.

"ஏழாவது கோழி வாங்கிடாதீங்க. சேவல் வேண்டவே வேண்டாம். வரட்டுமா?"

அவர் போகும்வரை வாசலில் நின்றுவிட்டு அவள் கொல்லைக்குத் திரும்பினாள். கூட்டின் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்தாள். சீட்டை மடியில் வைத்து, முத்திரையின் மை ஒட்டாமல் விரல்களை விலக்கிப் பிடித்தாள்.

கணவன் கூட்டைத் திறந்துவிட்டான். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, அவள் காலைச் சுற்றிக்கொண்டு மண்ணைக் கிளறப் போயின.

"துணிக்கடைக்கு எப்பப் போற?" என்றான். "சொல்லு, நானும் லீவு போட்டுட்டு வரேன். வேடிக்கை பாக்கணும்."

"சாயங்காலமே போலாம் வாங்க," என்றாள். "புது டேப்பும் அவருகிட்டதான் வாங்கணும்."