வெட்டினால் ஏறும்

அத்தான் எதையும் சொல்ல மாட்டார், அறிவிப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட வாசலில் நின்று, நாலு வீட்டுக்கும் கேட்கிற குரலில், "இன்று நீர் வரத்து இல்லை" என்பார். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதிக்கொடுத்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் பலகை அவருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அத்தான் ஒரு சாயங்காலம் மச்சினனின் கடைசல் பட்டறைக்குள் நுழைந்து, பழைய போர்வையில் சுற்றிய இரண்டு பொருள்களைப் பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போல மேசைமேல் கிடத்தினார்.

"மாப்ள, கம்ப்ரஷன ஏத்தணும்."

கடைசல்காரர் போர்வையை விலக்கிப் பார்த்தார். முக்கோணமான இரும்பு. ஆனால் பள்ளிக்கூடத்து முக்கோணம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மூன்று பக்கமும் வயிறு தள்ளிய முக்கோணம். நடுவில் பெரிய ஓட்டை. ஒவ்வொரு வயிற்றிலும் படகு வடிவத்தில் ஒரு குழி.

"பிஸ்டன் எங்க அத்தான்?"

"இதுதான் பிஸ்டன். ரோட்டர்னு பேரு."

"ஹெட்டு?"

"ஹெட்டு கிடையாது. ரோட்டரி இஞ்சின்ல தலையே கிடையாது மாப்ள."

தலையே இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு அத்தான் ஒன்பது வருஷமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று அப்போதுதான் கடைசல்காரருக்கு லேசாகப் புரிந்தது. மற்றதெல்லாம் புரியவில்லை.

அந்த இஞ்சின் உள்ள கார், வீட்டை ஒட்டிய ஷெட்டில் குடியிருந்தது. அதற்கென்று ஒரு பேரவையும் உண்டு. அத்தான் தலைவர், தெருமுனைப் பல் வைத்தியர் செயலாளர். உறுப்பினர் என்று யாரும் இல்லை, எல்லாரும் பதவியில் இருந்தார்கள். கார் ஷெட்டில் இருந்ததால் அத்தானின் மனைவியான அக்காவின் மூன்று தையல் மெஷின்களும் படுக்கையறையில் இருந்தன. பள்ளிச் சீருடை தைக்கிற வேலை. முதுகில் குண்டூசியோடு அத்தான் அலுவலகம் போய்வந்த நாளும் உண்டு.

அத்தான் பட்டறைக்கு வருவதற்கு முந்தின நாள் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. நம்ம தெரு மேட்டுல, மூணாவது கியர்ல, கியரே மாத்தாம உங்க வண்டி தண்ணித் தொட்டி வரைக்கும் ஏறிடுச்சுன்னா ஷெட் அதுக்கே. நான் இனி வாயத் திறக்க மாட்டேன். ஏறலைன்னா மறுநாள் காலையில ஷெட் எனக்கு."

"தீர்மானம் ஏற்கப்பட்டது" என்றார் அத்தான். இத்தனை வருஷமாக வண்டி மூன்றாவது கியரில் மருந்துக்கடை வரைக்கும் ஏறி, அங்கே மாத்திரை வாங்க வந்தது போல நின்றுவிடும். தொட்டிக்கு இன்னும் ஆறு வீடு. அந்த ஆறு வீட்டுத் தூரத்துக்குத்தான் கம்ப்ரஷன்.

"உள்ள வர்ற காத்தும் பெட்ரோலும் இந்தப் பக்கத்துக்கும் வெளிச் சுவருக்கும் நடுவுல மாட்டி நசுங்கணும். எவ்வளவு நசுங்குதோ அவ்வளவு வேகமா உதைக்கும். புரியுதா?" என்றார் அத்தான் பட்டறையில்.

கடைசல்காரர் தலையாட்டினார். அது அவருடைய பழக்கம். மறுநாள் அக்கா பட்டறைக்கு வந்து, "டேய், உன்னைத்தான் நம்பியிருக்கேன். அந்த ஷெட் எனக்கு வேணும்டா" என்றபோதும் அதே தலை, அதே ஆட்டம். அவள் போன பிறகு, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று அரை மணி நேரம் யோசித்தார். விளங்கவில்லை. மெஷினை ஓடவிட்டார். அதன் சத்தத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது வருஷமாக அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கம்ப்ரஷன் ஏற வேண்டும் என்று யாராவது பிஸ்டன் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கொண்டுவருவார்கள், அவர் அதன் அடிப்பக்கத்தை அரை மில்லிமீட்டர் சீவிக் கொடுப்பார், கம்ப்ரஷன் ஏறும். ஏன் ஏறுகிறது என்று எந்த ஹெட்டும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. வெட்டினால் ஏறும். அவ்வளவுதான்.

இதில் எங்கே வெட்டுவது? வயிற்றின் வளைவில் கைவைத்தால் வெளிச் சுவரோடு பொருந்தாது. முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் சீல் உட்காரும் பள்ளம். மிச்சம் இருப்பது படகுக் குழி ஒன்றுதான். ரோட்டரை மில்லிங் மெஷினில் பூட்டி, ஆறு குழிகளையும் ஏறக்குறைய இரண்டு மில்லி ஆழம் இறக்கினார். சும்மா சொல்லக் கூடாது, வேலை கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. இரண்டு ரோட்டரையும் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. ஊசி குத்துகிறது, எங்கே என்று தெரியவில்லை என்கிற மாதிரி.

வெட்டுவதற்கு முன்பு அளந்தது போலவே இப்போதும் அளந்து பார்க்கச் செயலாளர் வந்தார். பல் வைத்தியம் பார்க்கிற சிரிஞ்சு, நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் எண்ணெய். குழியைக் கண்ணாடியால் மூடி, அதன் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக நிரப்பினார். நிரப்பும்போது, "வாயத் திறங்க" என்று சொல்லாத குறை.

"வெட்டுறதுக்கு முன்னாடி நாப்பது மில்லி. இப்ப நாப்பத்தெட்டு!"

"ஏறியிருக்கு!" என்றார் அத்தான்.

"எட்டு ஏறியிருக்கு" என்றார் செயலாளர்.

"நூத்துக்கு இருபது" என்று அறிவித்துவிட்டுக் கடைசல்காரரைக் கட்டிக்கொண்டார் அத்தான். படித்தவர்கள் இரண்டு பேர் ஏறியிருக்கிறது என்றால் ஏறித்தான் இருக்க வேண்டும். கடைசல்காரர் தலையாட்டினார். நெருடல் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமைக்குள் இஞ்சினைப் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மேட்டின் அடிவாரத்தில் அத்தான் வெள்ளைச் சட்டையோடு ஸ்டியரிங் முன் அமர்ந்தார். பக்கத்தில் கடைசல்காரர். செயலாளர் தொட்டியடியில் கைக்குட்டையோடு நின்றார், வெற்றிக் கொடி அசைக்க. அக்கா மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரவையின் வரலாற்றில்..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"ஓட்டுங்க அத்தான்."

வண்டி கிளம்பியது. சத்தம் பிரமாதம். மூன்றாவது கியர் விழுந்தது. முதல் வளைவில் வேகம் தளர்ந்தது. அத்தான் மிதித்தார், சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. மருந்துக்கடைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும்போது இரண்டு முறை விக்கி, நின்றுபோனது. போன தடவை நின்ற இடத்துக்குக்கூட வரவில்லை. ஒரு சைக்கிள்காரர் மிதித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார், திரும்பியும் பார்க்கவில்லை.

"நாப்பத்தெட்டு இருக்கே! எப்படி?" என்றார் அத்தான்.

செயலாளர் மேலிருந்து ஓடிவந்தார். பெட்ரோலில் கசடு என்றார். அத்தான் காற்றில் ஈரப்பதம் என்றார். பிறகு இரண்டு பேரும் மேட்டையே சந்தேகப்பட்டார்கள். ரோடு போட்டபோது உயர்த்தியிருக்கலாம். கடைசல்காரர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அது என்ன நாப்பத்தெட்டு?"

"குழி பிடிக்கிற எண்ணெய்மா. முன்னாடி நாப்பதுதான் பிடிச்சுது" என்றார் செயலாளர்.

"அப்ப குழி பெருசாயிடுச்சு."

"ஆமா."

"காத்து நசுங்கணும்னு தானே வீட்டுலயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க? தையலப் பிரிச்சு விட்டா சட்டை இறுகுமா, தொளதொளன்னு ஆகுமா?"

செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். கடைசல்காரருக்குப் பத்தொன்பது வருஷத்து ஹெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கின. அங்கே சீவியபோது இடம் குறுகியது. இங்கே தோண்டியபோது இடம் அகன்றது. வெட்டிய இரும்பை இனி ஒட்டவும் முடியாது.

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"இது முதல் கட்டம்."

"என்னது?"

"டர்போ வைக்கிற வண்டிக்குக் கம்ப்ரஷன் குறைவாகத்தான் இருக்கணும். டர்போ வெளியில இருந்தே காத்த அமுக்கி ஊட்டும். கம்ப்ரஷனும் அதிகமா இருந்தா இஞ்சின் தாங்காது. ஆக, டர்போவுக்கான முன்னேற்பாடு இன்றோடு நிறைவுற்றது."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் கடைசல்காரரை இன்னும் குழப்பியது.

"நல்லது" என்றாள் அக்கா. "டர்போ வர்ற வரைக்கும் வண்டி வெளியில தார்ப்பாய்க்குள்ள இருக்கட்டும்."

மூன்று பேரும் வண்டியைத் தள்ளி இறக்கினார்கள். வழியில் அத்தான் மெதுவாக, ஆச்சரியமாக, அறிவிக்காமல் பேசினார்: "மாப்ள, உண்மையச் சொல்லு. டர்போவ மனசுல வச்சுத்தானே ஆழம் பண்ணின? நான் கேட்டதுக்கு மேலயே யோசிச்சிருக்க."

கடைசல்காரர் தலையாட்டினார்.

மறுநாள் காலை தையல் மெஷின்களை ஷெட்டுக்குத் தூக்கிப்போய் வைத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காகத்தானேடா பண்ணின? அவர்கிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாத."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கை மட்டும்தான் செய்தது, எனக்கே தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நெருடியும் சும்மா இருந்தது யாருக்காக? அவளுக்காகவும் இருக்குமோ? தலை ஆடிவிட்டது.

பட்டறை திறந்ததும் ஒரு லாரிக்காரர் ஹெட்டோடு வந்து நின்றார். "அரை மில்லி சீவிக் குடுங்க. கம்ப்ரஷன் ஏறணும்."

கடைசல்காரர் ஹெட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பத்தொன்பது வருஷமாக அரை மணி நேர வேலை அது.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"ஏறணும்னு தானே சொன்னீங்க?"

"ஆமாண்ணே."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சு வாங்கப் பல் வைத்தியர் வீட்டுப் பக்கம் நடந்தார்.