உடைசல் டிரம்

அக்கா பால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல், அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை அரைமணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையின் பாதியை அவளுடைய சட்டப் புத்தகம் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இருபது வருஷமா நீதான அதைச் சுத்தி அனுப்புற. அப்படி என்ன புதுசா எழுதியிருக்கு?" என்றேன்.

"சும்மா இருடி. வீட்டுப்பாடம்."

ஐம்பத்தோரு வயதில் அந்த வார்த்தையைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது அவள் போய்ப் பதினான்கு மாதங்களாகின்றன. மருத்துவமனை நாட்களைவிட, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பாக்கெட்டை மூக்குக்கு அருகே பிடித்திருந்த அவள் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறித் தரப் பிரிவின் மேற்பார்வையாளர் ஆனவள் அவள். என் விவாகரத்துக்குப் பிறகு நான் அவளோடு வந்து சேர்ந்தேன். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. உணவுச் சட்டம் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகலாம் என்று அந்த வருடம் விதி வந்தது. மேனேஜர் அக்காவை அனுப்பினார். சனிக்கிழமை தோறும் வகுப்பு. மீன் குளிர்கிடங்கிலிருந்து ஒருவர், பால் பண்ணையிலிருந்து இரண்டு பேர், ஒரு ஹோட்டல் சமையல்காரர் என்று எல்லோரும் வாரம் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு அங்கே வந்து உட்கார்ந்து தூங்கி விழுந்தார்கள். வகுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர். முதல் நாளே, "நான் வேலையில இருந்தப்ப என் ஜீப்பைப் பார்த்தாலே பின்வாசல் வழியா ஓடுவீங்க. இப்ப ஃபீஸ் கட்டி எதிர்ல வந்து உக்காந்திருக்கீங்க" என்றாராம்.

சட்டம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் வரையறை இருப்பது அவள் குணத்துக்கு ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். "உணவுன்னா என்னன்னு கூட எழுதி வச்சிருக்காங்கடி. சூயிங்கம்கூட உணவாம்" என்றாள் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே.

"அப்ப தினமும் உங்கிட்ட நான் வாங்கித் திங்கிற திட்டு?"

"அதுல கலப்படமே கிடையாது."

அன்றைய வீட்டுப்பாடம் எளிது. உங்கள் தொழிற்சாலையில் செய்யும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கிலிருந்து பாக்கெட்டுக்குள் போகும்வரை ஒவ்வொரு மூலப்பொருளும் வரும் வழியைக் கட்டம் கட்டி வரையுங்கள். பிறகு லேபிளில் போட்டிருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கா ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். மாவு, சர்க்கரை, கொழுப்பு, பால் பவுடர், உப்பு. எல்லாவற்றிலிருந்தும் அம்புக்குறி போட்டுக் கலவை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தாள். அடுப்பு. குளிரவைக்கும் பெல்ட். பேக்கிங். பேக்கிங்கிலிருந்து பின்னோக்கி ஓர் அம்பு போட்டு, "உடைசல்" என்று எழுதினாள். அந்த இடத்தில் பென்சில் நின்றது.

அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டுகளில் கொஞ்சம் உடையும். அதை யாரும் எறிவதில்லை. பொடித்து அடுத்த மாவில் சேர்த்துவிடுவார்கள். முன்பு அந்தத் தொழிற்சாலையில் நான்கு வகை பிஸ்கட்டுக்கு நான்கு டிரம் இருந்தன. நான்கும் கால்வாசி நிரம்பி, மூடி சரியாக உட்காராமல், ஈ மொய்த்துக் கிடக்கும். அரைகுறையாய் நிரம்பிய பாத்திரம் என்றாலே அக்காவுக்கு ஆகாது. வீட்டில் இரண்டு சோப்புத்தூள் டப்பாக்கள் பாதிப்பாதி இருந்தால் ஒன்றில் கொட்டிவிட்டு, மற்றதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பாள். ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த நான்கு டிரம்மையும் அவள்தான் ஒன்றாக்கினாள். இறுக்கமான மூடி, சக்கரம் வைத்த தாங்கி, பளிச்சென்ற ஒரே டிரம். ஈ ஒழிந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

அந்த நான்கு வகையில் ஒன்று கடலை பிஸ்கட்.

"நாந்தான்," என்றாள் அக்கா. எனக்குப் புரியவில்லை. "நாந்தான்டி கலந்தேன். ஆறு வருஷமா பால் பிஸ்கட்ல கடலை போயிட்டிருக்கு. இதுல ஒரு வார்த்தை கிடையாது." பாக்கெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லு. திரும்ப நாலு டிரம் வைக்கட்டும். குடியா முழுகிப் போச்சு?"

அவள் பீன்ஸ் நார்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த லெட்டர் ஞாபகமிருக்கா உனக்கு?" என்றாள்.

இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தாய் தொழிற்சாலைக்கு எழுதியிருந்தாள். நான்கு வயது மகள் இரண்டு பால் பிஸ்கட் சாப்பிட்டதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. இதில் கடலை ஏதாவது கலந்திருக்கிறதா என்று கேட்டிருந்தாள். பதில் எழுதியவள் அக்கா. ஏனோதானோவென்று எழுதவில்லை. கலவைத் தாளைப் பார்த்தாள், கிடங்குக்குப் போய் மூட்டைகளைப் பார்த்தாள், அதன் பிறகுதான் எழுதினாள். வரைவை என்னிடம் காட்டியபோது, 'கடலை சேர்க்கப்படுவதில்லை' என்பதற்கு முன்னால் 'எந்த வடிவிலும்' என்று சேர்த்தால் அழுத்தமாக இருக்கும் என்று சொன்னவள் நான். பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடிதம் அடிப்பவள் என்ற கர்வம் எனக்கு. சேர்த்தாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கே இயந்திரத்தை நிறுத்தினார், அதிகாரிக்குத் தகவல் கொடுத்தார், கடைகளிலிருந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுக்க வண்டிகளை அனுப்பினார். அக்காவை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவள் அந்தத் தாயின் பேச்சை எடுத்தபோதுதான் கதவைச் சாத்தினாராம்.

"அதை விட்டுடுங்கம்மா. மூணு வருஷம் ஆச்சு. நீங்க போய் அந்த வீட்டு வாசல்ல நின்னா, நாளைக்கு நாம எல்லாரும் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். அடுத்த மாசம் உங்களுக்குச் சான்றிதழ் வருது. நீங்கதான் கையெழுத்து அதிகாரி. உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்காதீங்க. மீறி எங்கயாவது எழுதிக் குடுத்தீங்கன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆய்வாளரிடம் கேட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சரக்கைத் திரும்ப எடுத்தாயிற்று, அதிகாரிக்குச் சொல்லியாயிற்று, மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதத்தைத் திருத்தி எழுது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை என்றார். "அப்ப போக வேண்டாமா சார்?" என்று இவள் கேட்க, "நான் சட்டம் எடுக்கறவன்மா" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

"சூயிங்கம்முக்கு வரையறை வச்சிருக்காங்க, இதுக்கு வைக்கல" என்று வீட்டுக்கு வந்து செருப்பை உதறினாள்.

மறுநாள் காலை என்னையும் கிளப்பினாள். புகார் நோட்டிலிருந்து முகவரியைக் கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "நீயும் வா. 'எந்த வடிவிலும்' உன்னோடதுதான?" என்றாள். சிரித்தாள்தான், ஆனால் பேருந்தில் இரண்டு முறை டிக்கெட்டைத் தவறவிட்டாள். படியேறும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வாயால சொல்லிட்டு வந்துடுவோம். எழுதி ஒண்ணும் குடுக்க வேண்டாம். சரியா?" அவளுக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடங்கள் இருந்தன. என் சம்பளம் சில்லறைச் செலவுக்குத்தான்; வாடகை, என் மருந்து, எல்லாம் அவள் சம்பளம்தான். சரி என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பலகையில் ஒரு பள்ளிச் சீருடை பாதி மடிந்து கிடந்தது. அக்கா உட்காரவில்லை. நின்றபடியே தான் யார் என்று சொன்னாள், டிரம்மைப் பற்றிச் சொன்னாள், தான் எழுதியது தப்பு என்று சொன்னாள். அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்தாள். மகளின் மருத்துவக் காகிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது அக்காவின் கடிதம்.

"இதைத்தான் டாக்டர்கிட்ட காமிச்சோம். கடலை இல்லன்னா பாலா இருக்கலாம், நிறுத்திப் பாருங்கன்னார். நிறுத்தினோம். அப்புறம் வீக்கம் வரவே இல்ல."

"பாலோட சேர்த்து இந்தப் பிஸ்கட்டையும் நிறுத்தியிருப்பீங்க," என்றாள் அக்கா மெல்ல.

அந்தப் பெண் ஃபைலை மூடினாள். "மூணு வருஷம். பாலு, தயிரு, ஒரு கேக்கு கிடையாது. யார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் அனுப்பறதில்ல."

"கடலை சாப்பிடுறாளா?" என்றாள் அக்கா.

"வாய் அரிக்குதுன்னு துப்பிடுவா. அடம்னு நெனச்சு..." அவள் மடிந்து கிடந்த சீருடையை எடுத்துத் திரும்பப் பிரித்தாள்.

உள்ளறையிலிருந்து சிறுமி வந்து அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் நின்றாள். முன்பற்கள் இரண்டு இல்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "அப்ப நான் ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?" என்றாள் அக்காவிடம்.

"நான் சொன்னேன்னு சாப்பிடாத கண்ணு. டாக்டர் சொல்லட்டும். கடலையை மட்டும் இன்னிலேர்ந்து தொடாத."

"டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றாள் தாய். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "யாரோ ரெண்டு பேர் வந்து வாயால சொன்னாங்கன்னா? அன்னிக்கு எழுத்துல குடுத்தீங்க. அதை நம்பினோம். இதையும் எழுதிக் குடுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சைகை செய்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. எதுவும் செய்யாமல் நின்றிருப்பேன். அதற்குள் சிறுமி ஓடிப்போய்த் தன் நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்துவிட்டாள்.

அக்கா தேய்க்கும் பலகையிலேயே தாளை வைத்து எழுதினாள். தேதி, டிரம், ஆறு வருடம், கடலை. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சிறுமி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். அக்கா தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடப் போனாள்.

"கீழ என்ன வேலைன்னும் போடுங்க," என்றாள் தாய், பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்து. "இதுல போட்டிருக்கீங்களே. தொழிற்சாலை பேரும்."

பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. சிறுமி ஒற்றை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம், எழுதுங்க" என்றாள்.