காலநிலை என்று எழுதுங்கள்

கடல் ஊருக்குள் வந்து போய் ஒரு வருடமாகியிருந்தது. மீனவர்களுக்குக் கொடுப்பதற்காக வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வாங்கிய ஃபைபர் படகுகள் கப்பல்துறையில் ஒரு வளவுக்குள் கவிழ்ந்து கிடந்தன. ஊரின் பெயரில் கப்பலும் இருந்தது, துறையும் இருந்தது. படகுகள் கிடந்த இடத்தில் கண்டி வீதியின் புழுதி மட்டும்தான் இருந்தது.

யாருக்குப் படகு என்று மூன்று தடவை கையால் பட்டியல் எழுதினார்கள். மூன்று தடவையும் அடிபிடி. செத்தவர் பெயரில் ஒரு படகு, கடலில் கால் நனைக்காதவர் பெயரில் ஒரு படகு. கடைசியில், கணினிக்கு மைத்துனர்மார் இல்லை, அதுவே தெரிவு செய்யட்டும் என்று தலைமையகம் முடிவெடுத்தது.

அதற்கு மென்பொருள் எழுத எடுக்கப்பட்டவள் நஜ்முன் நிஸா. குறிஞ்சாக்கேணியிலிருந்து புறப்பட்டு, கிண்ணியாவில் ஃபெரி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து நகரத்து அலுவலகத்துக்கு வருவாள். கணினி டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. பொறுப்பாளர் யோகலிங்கம் லிங்கநகர்க்காரர். எந்தக் கடிதத்திலும் முதலில் பென்சிலால் கையெழுத்து வைத்து, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பவர்.

"ரெண்டு கிழமை தந்தீங்களெண்டா முடிச்சிடுவன் சேர்," என்றாள் அவள்.

"ரெண்டு கிழமையோ? அப்படிச் செய்தால் ஆரும் நம்பமாட்டினம் பிள்ளை. கொழும்பிலயிருந்து ஆலோசகர் வாறார். முறைப்படி செய்யோணும்."

ஆலோசகர் குலசிங்கம் விமானத்தில் வந்தார். வெள்ளைப் பலகையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி வெளியே விரியும் ஒரு கோட்டை இழுத்தார். இதுதான் சுருள் மாதிரி என்றார். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வேலை. என்ன வேண்டுமென்று தீர்மானிப்பது. என்ன இடர் வரலாமென்று பார்த்து, பெரிய இடரை முதலில் தீர்ப்பது. பிறகு சிறிதாக ஒன்றைச் செய்து பாவிப்பவரிடம் காட்டுவது. கடைசியாக அடுத்த சுற்றுக்குப் போவதா, நிறுத்துவதா என்று முடிவெடுப்பது.

பாவிப்பவர்களின் சார்பில் அழைக்கப்பட்டிருந்தவர் குஞ்சித்தம்பி. வெருகல் பக்கத்து மீனவர் சங்கத் தலைவர். மூன்று சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி வந்த களைப்பில் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நுளம்புத்திரி மாதிரிக் கிடக்கு," என்றார்.

"நல்ல உதாரணம் ஐயா," என்றார் குலசிங்கம்.

"நுளம்புத்திரி வெளியால பத்தி உள்ளுக்கு வந்து முடிஞ்சிடும். உங்கட, உள்ளுக்கயிருந்து வெளியால போகுது. இது எங்க தம்பி முடியும்?"

குலசிங்கம் சிரித்துவிட்டு இடர்களுக்குப் போனார். ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார். மின்வெட்டு என்றார் யோகலிங்கம். வயரை எலி கடிக்கலாம் என்றார் காசாளர். நஜ்முன் நிஸா எழுந்துபோய், "சண்டை திரும்பத் தொடங்கலாம்" என்று பலகையில் எழுதினாள்.

குலசிங்கம் அழிப்பானை எடுத்தார்.

"தங்கச்சி, பேச்சுவார்த்தை நடக்குது. நாங்களே இப்படி எழுதினால் காசு தாறவங்கள் என்ன நினைப்பாங்கள்?"

"ஆனா அதுதானே சேர் பெரிய ரிஸ்க்?"

"இல்லையெண்டு சொல்லேல்ல. வேற சொல்லில சொல்லுவம்." அந்த வரியைத் துடைத்துவிட்டு அழகான கையெழுத்தில் எழுதினார்: பாதகமான காலநிலை.

முதல் சுற்றில் பெயர் பதியும் ஒரு திரை உருவானது. குஞ்சித்தம்பி தன் பெயரைத் தானே தட்டினார், அது திரையில் வந்தது. "சந்தோஷம். படகு எங்க?" என்று கேட்டார். நான்காவது சுற்றில் என்றார்கள்.

சித்திரைக்குப் பிறகு காலநிலை கெட்டது. சந்தையில் குண்டு வெடித்தது, கடைகள் எரிந்தன, வீதிகள் மூடப்பட்டன. ஃபெரி ஓடாத நாட்களில் நஜ்முன் நிஸா வேலைக்கு வரவில்லை. காரணம் எழுதும் இடத்தில் யோகலிங்கம் 'காலநிலை' என்று போட்டார். வெளியே தார் உருகும் வெயில். இரண்டாம் சுற்றின் அறிக்கையில் காலநிலை எலியையும் மின்வெட்டையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது.

தலைமையகம் அக்கறையோடு பதில் அனுப்பியது. பெரிய இடரைத் தீர்க்காமல் மேலே கட்டக்கூடாது என்பது முறை. ஆகவே மென்பொருள் வேலை நிறுத்தப்பட்டு, கூரையில் இடிதாங்கி பூட்டப்பட்டது. ஊழியர்களுக்கு மஞ்சள் மழைக்கோட்டுகள் வந்தன. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன காசாளர், சாவடியில் அரைமணி நேரம் நிறுத்தி விசாரிக்கப்பட்டார். காலநிலை நிபுணர் ஒருவரும் வந்து சேர்ந்தார். ஆண்டர்ஸ் என்று பெயர். நெட்டையான மனிதர், எல்லாரோடும் கைகுலுக்கினார்.

குஞ்சித்தம்பியைப் பேட்டி எடுக்க வேண்டும் என்றார் அவர். நஜ்முன் நிஸா மொழிபெயர்த்தாள். இந்தக் கெட்ட காலநிலை எந்த மாதத்தில் வரும்?

"அது சொல்லிக்கொண்டு வாறதில்ல," என்றார் குஞ்சித்தம்பி. "கொழும்பில மூடம் போட்டா இஞ்ச இடிக்கும். வன்னியில மின்னினாலும் இஞ்சதான் இடிக்கும். எங்களுக்கெண்டு தனி மழை கிடையாது."

ஆண்டர்ஸ் எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில் துறைமுகப் பக்கம் ஏதோ பெரிதாக வெடித்தது. கண்ணாடிகள் நடுங்கின. குஞ்சித்தம்பி கதிரையை விட்டு நிலத்தில் படுத்தார். யோகலிங்கம் மேசைக்குக் கீழே போனார். அங்கே ஆண்டர்ஸ் அவருக்கு முன்பே இருந்தார், காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு. பழகியவர்கள் செய்வது அது.

நஜ்முன் நிஸா அதைக் கவனித்தாள். பின்னேரம் அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள். இத்தனை மாதமும் அவளுக்கு உள்ளே ஒரு நம்பிக்கை இருந்தது. மேலே உள்ளவர்களுக்கு விஷயம் தெரியாது, ஒருவர் துணிந்து சொன்னால் எல்லாம் வேகமாக நடக்கும் என்று. சொன்னாள். காலநிலை என்றால் என்ன என்று ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் மறுக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"தலைமையகத்தில் எல்லாருக்கும் தெரியும்," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. "சண்டை என்று எழுதினால் காப்புறுதி அன்றைக்கே நிற்கும். நிதியும் நிற்கும். நான் இதற்கு முன் வேலை செய்த நாட்டில் அதை நிலநடுக்கம் என்று எழுதினோம்."

அவளுக்கு முகம் எரிந்தது. இவ்வளவு படித்தவர்கள், எல்லாம் தெரிந்துகொண்டே இடிதாங்கி பூட்டியிருக்கிறார்கள். அன்றிரவு உம்மா கேட்டதற்கெல்லாம் அவள் முறைத்தாள். பிறகு அதற்காகவும் வருந்தினாள்.

அடுத்த நாள் யோகலிங்கத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், சுற்று முடியிற நேரம், தொடருறதா நிப்பாட்டுறதா எண்டு கேக்கோணும். குலசிங்கம் சேர்தான் படிப்பிச்சவர்."

"ஓம்."

"இப்ப நிப்பாட்டுவம். பெயர் பதிஞ்சிருக்கு. ரெண்டாம் சுற்றில செஞ்ச அளவுக்கே, கடலால வீடும் வள்ளமும் போனவங்கள் மேல வாற மாதிரி மென்பொருள் அடுக்கித் தருது. படகும் கிடக்கு. குடுத்திடுவம்."

"நாலாம் சுற்று வரைக்கும் திட்டம் கிடக்கே பிள்ளை?"

"நாலாம் சுற்றுக்குப் படகு இருக்குமா சேர்?"

"குலசிங்கம் வரட்டும்."

"அவர் வர ஏலாது. விமானம் ஓடல்ல."

"ஏன்?" என்று கேட்டுவிட்டு யோகலிங்கம் தானே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் கொண்டுவந்த கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். 'கடும் காலநிலை எதிர்பார்க்கப்படுவதால் படகுகள் அனைத்தையும் உடனடியாக உரியவர்களின் பாதுகாப்பில் ஒப்படைக்கவும்.'

அவர் இரண்டு தடவை வாசித்தார். பிழை எதுவும் இல்லை. தலைமையகத்தின் சொல், தலைமையகத்தின் முதலாம் இடர், தலைமையகத்தின் முறை. பென்சிலை எடுத்தார். வெளியே ஒரு கனரக வாகனம் வீதியை அதிரவைத்துக்கொண்டு போனது. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"என்னை வேலையால நிப்பாட்டினால் உங்கட வீட்டில சாப்பாடு போடுவீங்களோ?"

"போடுவம் சேர். உம்மா நல்லா ஆக்குவா."

வளவு காலியாக நான்கு நாள் பிடித்தது. லொறிகளுக்கு அனுமதி எடுக்க யோகலிங்கம் இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினார். இப்படி ஒரு வேகம் தன்னிடம் இருந்ததை அவரே அறியவில்லை. எல்லாம் நேராகவும் நடக்கவில்லை. குஞ்சித்தம்பியின் மைத்துனர் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டிப் பெயர் பதிந்து இரண்டு படகு வாங்கியிருந்தார். கணினி அதைக் கண்டுபிடிக்கவில்லை. நஜ்முன் நிஸா கண்டுபிடித்து, ஒரு படகைத் திரும்ப இறக்க வைத்தபோது அந்த மனிதர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். குஞ்சித்தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொழும்பிலிருந்து குலசிங்கம் தொலைபேசியில் கத்தினார். "மூன்றாம் சுற்றே தொடங்கேல்ல! என்னெண்டு முடிக்கலாம்?" பிறகு, தலைமையகம் பாராட்டி எழுதியது தெரிந்ததும், அது தன்னுடைய யோசனைதான் என்று அறிக்கை எழுதினார். அதில் நஜ்முன் நிஸா 'உள்ளூர் உதவியாளர்' என்று ஒரு இடத்தில் வந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மூதூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி பனிக்கட்டி போட்ட பெட்டியொன்றை அலுவலக வாசலில் இறக்கினார். குஞ்சித்தம்பி கொடுத்துவிட்டது. உள்ளே பெரிய பாரை மீன்கள், கண் மங்காமல். பயனாளிகளிடமிருந்து அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று நிறுவனத்தில் விதி இருந்தது. யோகலிங்கம் அதை உரத்து வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, குசினியில் தேங்காய் இருக்கிறதா என்று கேட்டார். ஆண்டர்ஸ் முள்ளை எடுக்கத் தெரியாமல் திண்டாட, காசாளர் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சில நாட்களில் கடல் மூடப்பட்டது. மீன்பிடிக்கத் தடை. ஆவணியில் மூதூரில் பெரிய சண்டை வந்தபோது நிறுவனம் கொழும்புக்குப் போய்விட்டது. நஜ்முன் நிஸாவின் வீட்டில் மூதூர் உறவினர்கள் அறைக்கு ஒரு குடும்பமாக நிறைந்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய பள்ளிக்கூடத்து முகாமில் அவள் பெயர் பதியும் வேலைக்குப் போனாள், கொப்பியும் பேனாவுமாக.

வெருகல் சனம் எங்கே போனதென்று நீண்ட நாட்களாகத் தெரியவில்லை. மழைக்காலம் முடிந்தபின் முகாமில் பெயர் பதிய வந்த ஒருவர் சொன்னார்: வீதி மூடப்பட்டிருந்ததால் கொஞ்சப் பேர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிறுவனம் கொடுத்த படகுகளில் வாகரைப் பக்கம் போனார்கள், குஞ்சித்தம்பியும் மைத்துனரும் ஒரே படகில். மற்றப் படகுகள் கரையில் எரிந்துபோயின.

"குஞ்சித்தம்பி உயிரோட இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஓம், இருக்கிறார்."

அவள் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டாள்.