சூப்பர்சார்ஜர் காருக்கு ஒரு சோதனை ஊர்வலம்

சகாதேவன் வாடகைக்கு விடும் மாப்பிள்ளை கார் முதல்முறை புகை விட்டபோது ஊர்வலத்தில் வந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

மண்டபத்துக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது. முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிக்கொண்டு போனார்கள். பின்னால் ரோஜாச் சரம் சுற்றிய கார் ஊர்ந்து வந்தது. பானட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் வெண்மையாக ஆவி எழும்பியதும் வீடியோக்காரர் துள்ளிக் குதித்தார்.

"எஃபெக்ட் சூப்பருண்ணா! இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்க!"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சகாதேவனுக்கு மட்டும்தான் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது தெரிந்தது. எஞ்சினை அணைத்தார். மாப்பிள்ளை இறங்கி நடந்தே மண்டபம் போய்ச் சேர்ந்தார். எளிமையான பையன் என்று பெண்வீட்டார் பூரித்துப் போனார்கள்.

சகாதேவன் திருவண்ணாமலையில் பந்தலும் மேடை அலங்காரமும் செய்கிறவர். சென்னையில் ஒரு நகைக்கடைக்காரர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்ற வெளிநாட்டுக் காரை வாங்கி, கல்யாண ஊர்வலங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்து காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் அதற்கு உண்டு. நெடுஞ்சாலையில் பறப்பதற்காகப் பிறந்த வண்டி அது. இங்கே நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் காரை வேங்கிக்காலில் இருக்கும் சுஹைலின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். வெளிநாட்டுக் கார்களைத் தைரியமாகத் திறக்கக்கூடியவர் அந்த வட்டாரத்தில் சுஹைல் ஒருவர்தான். திறந்த எல்லாவற்றையும் மூடியிருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

"கூலன்ட் டப்பால தண்ணி கம்மியா இருக்கு" என்றார் சுஹைல்.

"அது எனக்கே தெரியுது பாய். போன தண்ணி எங்க போச்சு?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுஹைல் முதலில் மூடியை மாற்றினார். பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அடுத்து, நன்றாகவே இருந்த ஒரு ஓஸையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் "முடிஞ்சுது மேட்டர்" என்றார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மாப்பிள்ளை நடந்து போனார். மூன்றாவது மாப்பிள்ளைக்கு அன்று காலில் சுளுக்கு வேறு.

சுஹைல் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தார். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார், கலக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் இருக்கிற டப்பாவில் பம்பைப் பொருத்திக் காற்றடித்து அழுத்தம் இறங்குகிறதா என்று மதியம் முழுக்க மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் அசையவில்லை. செங்கம் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டு வந்தார். கார் குளுகுளுவென்று போய், குளுகுளுவென்று வந்தது.

"வண்டில ஒண்ணும் இல்ல" என்றார் சுஹைல்.

"அப்ப பாயசம் தீஞ்ச மாதிரி ஒரு வாசனை வருதே, அது இன்னா?" என்றார் சகாதேவன்.

அந்தக் கேள்வியில் சுஹைலின் முகம் மாறியது. கூலன்ட் சூட்டில் எரிந்தால் அப்படித்தான் இனிப்பாக மணக்கும். அப்படியானால் லீக் எங்கோ உள்ளே, சூடான இடத்தில் இருக்கிறது. கீழே சொட்டுவதற்குள் காய்ந்துவிடுகிறது. சூப்பர்சார்ஜருக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு, அதற்குள் கூலன்ட் குழாய்கள் ஓடுகின்றன. ஆனால் அங்கே கை விடவேண்டுமானால் சூப்பர்சார்ஜரையே தூக்கி இறக்க வேண்டும். சும்மா சந்தேகத்துக்காக அதைச் செய்ய சுஹைலுக்குத் துணிச்சல் வரவில்லை.

"லீக் ஆவுறத கண்ணால பாக்கணும். ஆனா என்கிட்ட வந்தா ஒழுங்கா ஓடுது, கல்யாணத்துக்குப் போனாதான் ஒழுவுது."

"அப்ப கல்யாணம் பண்ணிடலாம்" என்றார் சகாதேவன்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஊர்வலத்தில் காற்று அடிக்காது, ஏசி முழு வேகத்தில் ஓடும், ரேடியேட்டருக்கு முன்னால் பூ அடைத்திருக்கும். இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தச் சூடு வருகிறது. ஆகவே ஒரு ஊர்வலம் வேண்டும்.

"சரி, மெதுவா ஓட்டிப் பாப்போம். பேண்டு எதுக்கு?"

"பேண்டு இல்லாம அந்த ஸ்பீடு வராது பாய். என் காலு அவங்க அடிக்கிறதுக்குத்தான் ஆக்சிலேட்டர மிதிக்கும்."

சுஹைல் பேண்டுக்கும் சேர்த்துச் சரி என்றார்.

மாப்பிள்ளை வேடத்துக்கு திருமலை அகப்பட்டான். கீழ்பென்னாத்தூர்க்காரன். ஒர்க்‌ஷாப்பில் ஏசியும் எலெக்ட்ரிக்கலும் பார்ப்பவன், நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். பின்சீட்டில் உட்கார்ந்து, காரோடு இணைத்த போனில் எஞ்சின் சூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று சுஹைல் சொன்னார். அந்த ஆள் ஏன் பட்டு வேட்டியும் மாலையும் தலைப்பாகையும் போட வேண்டும் என்று திருமலை கேட்கவில்லை. வேட்டியை மட்டும் தானே கொண்டுவந்தான். பளிச்சென்று துவைத்து, இஸ்திரி போட்டு, தயாராக வைத்திருந்தான்.

கூலன்டில் ஒரு சாயம் கலந்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது, ஊதா விளக்கடித்தால் பச்சையாக ஒளிரும். அந்த விளக்கு ஒர்க்‌ஷாப்பில் இல்லை. சுஹைலின் மனைவி மெஹ்விஷின் பியூட்டி பார்லரில் இருந்தது, நகப்பூச்சைக் காய வைக்கிற கைவிளக்கு.

"விளக்க மட்டும் தர மாட்டேன். உங்க கைக்குப் போனது எதுவும் முழுசா திரும்பி வந்ததில்ல" என்றாள் மெஹ்விஷ். "நானும் வரேன்."

வந்தவள் திருமலையின் முகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை இப்படி இருந்தால் பார்லருக்குத்தான் கெட்ட பேர் என்று பவுடரும் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேங்கிக்காலில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் மனைப்பிரிவில் ஊர்வலம் புறப்பட்டது. பேண்டு முழங்கியது. சகாதேவன் ஓட்டினார். சுஹைல் பானட்டோடு ஒட்டி, மோப்பம் பிடித்தபடி நடந்தார். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். இரண்டாவது சுற்றில் ஆட ஆரம்பித்தார்கள்.

"தொண்ணூத்தெட்டு!" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினான் திருமலை. சற்று நேரம் கழித்து, "நூத்தி மூணு!"

"மாப்பிள்ள எதுக்கு நம்பர் சொல்றாரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"வேண்டுதல்" என்றார் சகாதேவன். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திடீரென்று சுஹைல் "நிறுத்து! நிறுத்து!" என்று அலறினார். காரின் முன்சக்கரத்தருகே சிவப்பாக ஒரு குட்டை. இந்தக் காரின் கூலன்டும் அதே நிறம்தான். அவர் தரையில் மல்லாந்து அடியில் நுழைந்தார், விரலால் தொட்டார், மோந்து பார்த்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் மணந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தபோது, காலித் தட்டோடு ஒரு அம்மா நின்றிருந்தார்.

"ஆரத்தி எடுத்தேம்பா. தப்பா?"

"தப்பில்லமா" என்று காருக்கு அடியிலிருந்து சொன்னார் சுஹைல். அந்த அம்மா குனிந்து அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

நாலாவது சுற்றில் பாயசம் கருகும் வாசனை வந்தது. "நூத்திப் பத்தொம்பது!" என்று திருமலை கத்தியபோது ஆவியும் வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். எஞ்சினை அணைத்தார்கள்.

"மூடிய யாரும் தொடாதீங்க, முகத்துல அடிச்சுடும்" என்றார் சுஹைல். எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் பானட்டைத் திறந்தார்கள். நல்ல வெயில். ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரியவில்லை. சகாதேவன் தன் பந்தல் வண்டியிலிருந்து கறுப்புத் திரைத்துணியைக் கொண்டுவந்து பானட்டின் மேல் போர்த்தினார். அதற்குள் சுஹைல் தலையை விட்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டு மெஹ்விஷ் நுழைந்தாள். போனோடு திருமலையும் நுழைந்தான்.

"அய்யோ! இங்கயும் லீக், அங்கயும் லீக், எல்லாப் பக்கமும் லீக்!" என்று சுஹைல் பதறினார்.

"அது திருமலையோட வேட்டி" என்றாள் மெஹ்விஷ். சோப்புத்தூள் போட்டு வெளுத்த துணி ஊதா விளக்கில் நீலமாக ஜொலிக்கும் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. "பச்சையா பாருங்க. பச்சை உங்க மீசையிலதான் இருக்கு. சாயம் கலந்த கையால தடவிக்கினீங்களா?"

இந்த நேரத்தில் வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து திருமலையின் அக்கா பச்சையம்மாள் இறங்கினாள். மனைப்பிரிவில் யாரோ ஊர்வலத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். முதல் சுற்று முடிவதற்குள் அது கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. தம்பிக்குப் பெண் தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவள் அவள்.

அவள் கண்டது இது: பூ வைத்த கார், சுற்றிலும் பேண்டுக்காரர்கள், ஒரே துணிக்குள் தம்பியின் பட்டு வேட்டியும் ஒரு பெண்ணின் நல்ல சுரிதாரும்.

"டேய் திருமல! எனக்கு ஒரு வார்த்த சொல்லாம தாலி கட்டிட்டியேடா!" என்று நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் பொண்ணா இருந்தாலும் நான் வேணான்னு சொல்லியிருப்பேனா? ஒரு பத்திரிக குடுத்தியா? எனக்கு ஒரு பொடவ எடுத்தியா?"

துணிக்குள்ளிருந்து மெஹ்விஷ் பதறிப்போய்க் குரல் கொடுத்தாள். "அக்கா, அழாதீங்க! நான் இவரோட சம்சாரம்!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்!" என்று பச்சையம்மாள் இன்னும் பலமாக அழுதாள்.

"அக்கா, இவங்க பாயோட சம்சாரம்! நான் சூடு பாக்க வந்தேன்!" என்று திருமலை துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"துணிய மூடுடா!" என்று சுஹைல் கத்தினார். "தெரிஞ்சுது! தெரிஞ்சுது! சூப்பர்சார்ஜருக்குப் பின்னால, அடியில, பச்சையா கோடு மாதிரி ஓடுது!"

சகாதேவன் மகிழ்ச்சி தாங்காமல் பேண்டு மாஸ்டரைப் பார்த்துக் கையசைத்தார். மாஸ்டர் அதைத் தாலி கட்டும் ஜாடை என்று எடுத்துக்கொண்டார். கெட்டிமேளம் அதிர்ந்தது. ஜனங்கள் பூவை வாரி எஞ்சினுக்குள் போட்டார்கள்.

பச்சையம்மாளுக்கு எல்லாவற்றையும் மெஹ்விஷ்தான் பொறுமையாக விளக்கினாள். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி வந்தது, உடனே கோபமும் வந்தது. "இத்தன செலவுல நெஜமாவே ஒண்ணு பண்ணியிருக்கலாமே" என்றாள்.

அவள் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. சுஹைல் வீட்டிலேயே தங்கி, வேலை முடியும்வரை ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இத்தனை பேரை ஆட வைத்த ஓட்டை எப்படியிருக்கும் என்று பார்க்காமல் போக மனசு வரவில்லை என்றாள்.

சுஹைல் பெல்ட்டைக் கழற்றினார், காற்றுக் குழாய்களைக் கழற்றினார், ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த இடத்தின் பேர் எழுதிய கிண்ணத்தில் போட்டார். கிண்ணங்கள் மெஹ்விஷின் பார்லரிலிருந்து வந்தவை. பிறகு திருமலையும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து சூப்பர்சார்ஜரை மூச்சடக்கித் தூக்கினார்கள்.

அடியில் இருந்த பள்ளத்தில், காய்ந்த சிவப்புக் கூலன்ட் பொருக்குத் தட்டியிருந்தது. அதன் நடுவே இரண்டு கைப்பிடி சாதம்.

பல கல்யாணங்களில் காரின்மேல் தூவிய அட்சதை இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. கூலன்டும் சூடும் சேர்ந்து அதை நன்றாகவே வேகவைத்திருந்தன.

"பதமாத்தான் வெந்திருக்கு" என்று பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வாயில வெச்சுடாதீங்கக்கா, கூலன்ட் விஷம்!" என்று சுஹைல் அவசரமாக ஒரு பைக்குள் அள்ளிக் கட்டினார்.

சாதத்தை அள்ளியதும் குற்றவாளி அகப்பட்டது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. அதில் தலைமுடியளவு விரிசல், ஆறியிருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும். சூடேறினால்தான் வாய் திறக்கும். சுஹைல் விரலால் அழுத்தியதும் முறுக்குப்போல உடைந்து கையோடு வந்தது. சென்னையிலிருந்து அலுமினியத்தில் செய்த இணைப்பை வரவழைத்தார். பழைய ரப்பர் வளையங்களையும் கேஸ்கட்டையும் மாற்றினார். சூப்பர்சார்ஜரைத் திரும்ப அதன் இடத்தில் உட்காரவைத்து, கிண்ணங்களைக் காலி செய்தார். ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. அவர் அதை நம்பாமல் கிண்ணங்களை இரண்டு தரம் கவிழ்த்துப் பார்த்தார். கூலன்ட் ஊற்றி, ஹீட்டரைப் போட்டு, உள்ளே அடைபட்ட காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. இனிமே ரேடியேட்டர் முன்னாடி பூ வெக்கக் கூடாது. அதுக்கு மூச்சு முட்டுது" என்றார்.

அலங்காரக்காரரான சகாதேவனுக்கு அது பெரிய அடி. கொஞ்சநேரம் காரை முன்னும் பின்னும் சுற்றி வந்தார். "டிக்கி மேல?"

"டிக்கி மேல தோட்டமே போடுங்க."

கடைசிச் சோதனையாக, பச்சையம்மாளை அந்தக் காரிலேயே ஊரில் கொண்டுவிடுவது என்று முடிவானது. சகாதேவன் ஓட்டினார், சுஹைல் பக்கத்தில் உட்கார்ந்தார், அக்காவும் தம்பியும் பின்னால். நெடுஞ்சாலையில் சூப்பர்சார்ஜர் உய்யென்று பாடியது. வேர்க்கடலை வயல்கள் பின்னால் ஓடின. பச்சையம்மாள் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கீழ்பென்னாத்தூர் கடைத்தெரு வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இனிமே மெதுவா போங்க" என்றாள்.

"ஏங்க, எதாவது வாசனை வருதா?" என்று சுஹைல் திரும்பினார்.

"வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க ஊரு ஜனம் பாக்க வேணாமா?"

பேண்டு இல்லாமல் அந்த வேகம் வராது என்று சகாதேவன் தயங்கினார். பச்சையம்மாள் கண்ணாடியை இறக்கி, கதவின் வெளிப்புறத்தைத் தாளத்தோடு தட்ட ஆரம்பித்தாள். சகாதேவனின் கால் அதற்குத் தானாக இணங்கியது. கார் ஊர்ந்தது. மளிகைக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டார்கள்.

"யாருக்குக் கல்யாணம் பச்சம்மா?" என்று ஒருத்தி கூவினாள்.

"யாருக்கும் இல்லடி! வண்டிக்கு ஒடம்பு சரியாச்சு!" என்று பச்சையம்மாள் கையாட்டினாள்.

சுஹைல் வெளியே எதையும் பார்க்கவில்லை. அவர் கண் வெப்பமுள் மேலேயே இருந்தது. அது நட்டநடுவில் நின்றது. தெருவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றது. பின்சீட்டிலிருந்து திருமலை போனைப் பார்த்து, யாரும் கேட்காமலேயே, "தொண்ணூத்திரெண்டு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.