பார்வைக்கு நானூற்றுப் பதினெட்டு

பேராவூரணிக்குத் தெற்கே, கடைமடையில், விவசாயி அம்சத்தின், நட்டு இருபது நாளான குறுவை வயல் வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. போர்செட்டைப் போட்டால் மோட்டார் உறுமுமே தவிர ஓடாது. ஊர் மோட்டார் அத்தனைக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். இன்னொன்று கேட்டு மனு கொடுத்தபோது, வோல்டேஜ் குறைவு என்பதற்கு மின்சார ஆபீசில் ஆதாரம் கேட்டார்கள். எரிந்துபோன மோட்டார் காயிலைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். அது ஆதாரம் இல்லையாம்.

ஆதாரத்தோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான் பரிதி. ஊர்ப் பிள்ளைதான்; இப்போது கம்பெனி நிறுவனர். கம்பெனி என்றால் அவனும் ஒரு லேப்டாப்பும். கம்பியின் வோல்டேஜை அளந்து செல்போனுக்கு அனுப்பும் மலிவு விலை சென்சார், சோப்பு டப்பா அளவில் ஒன்றை, அம்சத்தின் மோட்டார் கொட்டகைப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினான். டப்பா சின்னது என்பதாலோ என்னவோ, தொடக்க விழாவுக்கு அங்கேயே பந்தல், பொன்னாடை, பெரிய திரை எல்லாம் தேவைப்பட்டன.

விழாவுக்கு முதல் நாள் வீடு வீடாகப் போய், மின்சார ஆபீஸ் அதிகாரி இருக்கும்வரை யாரும் மோட்டார் போடக் கூடாது, திரையில் எண் லட்சணமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். விருந்தாளி வந்தால் கொடியில் கிடக்கும் கந்தலைச் சுருட்டி உள்ளே போடுகிற ஊர். அம்சம் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

விழா அன்று திரையில் நானூற்றுப் பதினெட்டு வோல்ட் பச்சையாக மின்னியது. பரிதி அரை மணி நேரம் பேசியதில் புரட்சி ஒன்பது தடவை வந்தது. அதிகாரி திரையைப் பார்த்தார். அம்சத்தின் மனுவைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"வோல்டேஜ் நல்லாத்தானே இருக்கு. இதுக்கு எதுக்கும்மா டிரான்ஸ்பார்மரு?"

அம்சம் எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள். அதிசயமாக ஓடியது. அந்த ஊரில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் மற்றவன் கை சும்மா இருக்காது; நிலத்தடித் தண்ணீரை அடுத்தவன் உறிஞ்சிவிடுவானே. பந்தலில் பாதி நாற்காலி காலியானது. ஒவ்வொரு மோட்டாராகக் கிளம்பக் கிளம்ப, திரையில் முந்நூற்று எண்பது, முந்நூற்று நாற்பது, கடைசியில் சிவப்பாக இருநூற்றுத் தொண்ணூறு. அம்சத்தின் மோட்டார் பழையபடி உறுமியது.

"இப்பப் பாருங்க சார். இதுதான் எங்க கரண்டு."

பரிதி முந்திக்கொண்டான். "சென்சார்ல ஏதோ கோளாறு சார். விலை கம்மிங்க, அப்படித்தான் இருக்கும்."

அதிகாரிக்கு நிம்மதி. கருவி பழுது, சரியான பின் பரிசீலிக்கலாம் என்று மனுவின் ஓரத்தில் எழுதிவிட்டுப் பொன்னாடையோடு ஜீப்பில் ஏறினார். டப்பாவைக் கழற்றப் பரிதி ஏணி கேட்டான். ஏணி அம்சத்துடையது.

"பழுதானதுதானே தம்பி, அங்கேயே கிடந்துட்டுப் போவுது."

பத்தாம் நாள் கருகிய குறுவையில் மாட்டை அவிழ்த்துவிட்டாள். கம்பத்து டப்பா மட்டும் இருநூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுத் தொண்ணூறு என்று பெங்களூருக்கு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.