டிக்கிக்குள் இரண்டு மூட்டை அரிசி

என் காரை விற்பது பற்றி வீட்டில் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இரண்டு தட்டு உடைந்தது. அதில் ஒன்று தானாக விழுந்தது, அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

சிவப்புச் சிவிக், இரண்டு கதவு, என் மகள் றொஷினியைவிட ஐந்து வயது மூத்தது. புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வேறு எஞ்சின் வாங்கிப் போட்டேன், புகைக்குழாயையும் மாற்றினேன். வார நாளில் அது வேலைக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், மொன்றியலுக்குத் தெற்கே சோளக் காணிகளுக்கு நடுவில் இருக்கிற கார்ப் பந்தய ஓட்டப்பாதைக்குப் போகும்.

என் மாமி திரேசம்மாவுக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை. முழங்கால் நோவோடு பின் சீற்றுக்குள் நுழைந்து வெளியே வர முடியவில்லை, வீட்டுக்கு ஒரு வான் வேண்டும் என்றார். அப்படியென்றால் முன் சீற்றில் இருங்கோ என்றால் அதற்கும் மாட்டார். என் கணவர் அன்டன் அம்மாவுக்கும் தலையாட்டுவார், எனக்கும் தலையாட்டுவார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த வருஷம் செப்ரெம்பர் முடிவதற்குள் நான் ஒரு கோப்பை வெல்ல வேண்டும். வெல்லாவிட்டால் கார் றெக்ஸுக்கு, எங்களுக்கு வான்.

றெக்ஸ் அன்டனின் சித்தி மகன். கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி வேலை. அவனும் என்னோடு ஓடுகிறவன்தான், ஆனால் என் கார்மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். காணும்போதெல்லாம், “மச்சாள், என்ர காரைப் பத்திரமா ஓடுங்கோ,” என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

கால் மைல் நேர்ப்பாதை, இரண்டு கார். வேகமான கார்தான் வெல்லும் என்று நினைத்தால் நீங்களும் என் மாமி மாதிரித்தான். தன் கார் எத்தனை நொடியில் ஓடி முடிக்கும் என்று ஒவ்வொருவரும் முதலே கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான காரை, இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவுக்கு முந்திக் கிளம்ப விடுவார்கள். பிறகு யார் முதலில் முடிவுக் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிட ஒரு இம்மி வேகமாக ஓடினாலும் தோல்விதான். அதனால் கோட்டுக்குக் கிட்டப் போனதும் சிலவேளை பிரேக்கைத் தொட வேண்டி வரும். நான் தொட்டதே இல்லை. யாராவது பின்னால் துரத்தி வரும்போது பிரேக் பிடிக்க எனக்கென்ன விசரா? மூன்று வருஷம் அப்படியே தோற்றேன்.

இந்த வருஷம் என்னைக் காப்பாற்றியது அரிசி. மே மாதம் ஜான்-டலோன் சந்தைப் பக்கத்துக் கடையொன்றில் மலிவு என்று அன்டன் நாலு மூட்டை வாங்கிவிட்டார். வீட்டில் இடமில்லை. இரண்டு மூட்டையை டிக்கியில், மாற்றுச் சில்லு வைக்கிற குழிக்குள் இறக்கினார். அப்படியே ஓடிப் பார்த்தால், பின்பக்கம் ஆடுகிற காருக்கு நிதானம் வந்துவிட்டது. எத்தனை தரம் ஓடினாலும் பதினான்கு புள்ளி ஆறு நொடி. பாரம் ஏற்றுகிறவளுக்குப் பாரத்தின் அருமை தெரியும். மூட்டைகளைப் பட்டி போட்டு இறுக்கினேன். ஓட்டப்பாதையில் வண்டி சோதிக்கிறவர் அது என்ன என்று கேட்டார். அரிசி என்றேன். சிரித்துவிட்டு, இன்னொரு பட்டி போடச் சொன்னார்.

அந்த அரிசி ஏன் அங்கே கிடக்கிறது என்று வீட்டில் நான் சொல்லவில்லை. சாப்பாட்டுச் சாமானில் விளையாடுகிறாய் என்று மாமி ஏசுவார். நான் விட்ட பிழை அதுதான்.

செப்ரெம்பர் கடைசி ஞாயிறு. வருஷத்தில் கோப்பைக்கான ஓட்டம் அன்றைக்கு மட்டும்தான். பூசை முடிந்ததும் அன்டன் கோவில் வாசலில் நின்று எல்லோரையும் ஓட்டம் பார்க்க வரச் சொல்லிவிட்டார். ஆறு பேர் வருவார்கள் என்று நினைத்தோம், இருபத்தாறு பேர் வந்தார்கள். மாமி ஆட்டிறைச்சிக் கறியும் பாணும் கொண்டுவந்திருந்தார். தேத்தண்ணி வைக்க ஒரு காஸ் அடுப்பும் பெரிய பானையும் இருந்தன.

முதல் ஓட்டம் வென்றேன். இரண்டாவது வென்றேன். மூன்றாவதும் வென்றபோது எங்கள் சனம் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். இறுதி ஓட்டத்தில் எனக்கு எதிரே றெக்ஸ். அதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஓடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கதைக்கிறார்கள் என்று நான் ஓட்டப்பாதை அலுவலகத்துக்குப் போனேன். திரும்பி வந்து கண்ணாடியில் 14.60 என்று எழுதி, காரை வரிசையில் கொண்டுபோய் விட்டேன். வரிசைக்குள் வந்தபின் எழுதியதை மாற்ற முடியாது.

அப்போதுதான் மாமி ஒரு தட்டோடு வந்தார். சுடச்சுடச் சோறு, மேலே கறி. வெறும் வயிற்றோடு ஓடாதே என்றார். வாய்வரை கொண்டுபோன கை நின்றுவிட்டது.

“மாமி, இந்தச் சோறு எங்கால?”

“இவ்வளவு சனத்துக்குப் பாண் போதாமல் போச்சுது, பிள்ளை. உன்ர டிக்கிக்குள்ள கிடந்த அரிசிதான். அன்டன்தான் அவிட்டுத் தந்தவன்.”

இறங்கி ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். ஒரு மூட்டைதான் இருந்தது. எத்தனை சுண்டு அளந்து போட்டீர்கள் என்று கேட்டேன். இருபது சுண்டு, மிச்சம் அடுப்படியில் இருக்கிறதாம். வாய் திறந்த மூட்டையைத் திரும்ப வைக்க விடமாட்டார்கள். அதற்கு நேரமும் இல்லை. அன்டனை ஏசினேன், மாமியையும் ஏசினேன். என் வாழ்க்கையையே அவித்துக் கொட்டிவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். மாமி தட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த மனிசி என் பசியைத்தானே நினைத்தது.

காருக்குள் ஏறிப் பட்டியைப் போட்டேன். பதினெட்டுக் கிலோ குறைவு. நொடியில் இருபதில் ஒரு பங்கு வேகம் கூடும். அடித்து ஓட்டினால் நிச்சயம் தோற்பேன். கார் போய்விடும்.

பச்சை விழுந்தது. நான் முதலில் கிளம்பினேன், ஒன்றரை நொடி கழித்து றெக்ஸ். சும்மா சொல்லக்கூடாது, கார் பறந்தது. பாதிக்கு மேல் போனதும் அவனுடைய கார் கண்ணாடியில் பெருத்துக்கொண்டு வந்தது. காலெல்லாம் மிதி மிதி என்று கத்தியது. செலீன், உன் பிடிவாதத்தை ஒருமுறை விடு என்று எனக்கு நானே சொல்லி, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கைத் தொட்டேன். ஒரு தொடுகைதான். றெக்ஸ் சுர்ரென்று என்னைத் தாண்டிப் போனான்.

பலகையில் என் நேரம் விழுந்தது: 14.61. றெக்ஸ் கண்ணாடியில் எழுதியிருந்தது 13.10. பலகையில் 13.04. எழுதியதைவிட வேகம், அதனால் தோல்வி. நான் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்று நம்பித்தான் அவன் கடைசிவரை மிதித்திருக்கிறான்.

கோப்பையை வாங்கியபோது அழுதேன். அழுதால் என்ன? மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். றெக்ஸும் அங்கே வந்தான். தோற்ற முகத்தைச் சிரித்து மறைத்துக்கொண்டு, அடுத்த வருஷமாவது காரைத் தருவீர்களா என்று கேட்டான். பதில் சொன்னது மாமி.

“கார் விக்கிறேல்லைத் தம்பி. வானும் வேண்டாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “முழங்கால் நோ உண்மைதான், பிள்ளை. ஆனால் நீ ஓடுற காரில ஏறுறதுக்குத்தான் எனக்குப் பயம். நீ பிரேக் பிடிச்சதை இண்டைக்குத்தான் கண்ணால கண்டன்.”

மூன்று வருஷமாக ஒருவருக்கும் சொல்லாமல் பின் சீற்றில் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது மாமி முன் சீற்றில் இருந்தார். பின்னால் அன்டனும் றொஷினியும் முழங்காலை மடித்துக்கொண்டு முனகினார்கள். மாமி கோப்பையை மடியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்து, இதற்கு மூன்று சுண்டு அரிசி பிடிக்கும் என்றார். பிறகு கையில் சுற்றியிருந்த செபமாலையைக் கழற்றி அதற்குள் போட்டார்.

சாம்ப்ளேன் பாலத்தில் பாதை வெறுமையாக இருந்தது. என்னை அறியாமல் கால் அழுத்தியது. மாமியின் கை மெல்லக் கோப்பைக்குள் போனது. நான் பிரேக்கைத் தொட்டேன்.