வெறும் ஆல்கஹால் வரிசை

என் தங்கைக்குக் கைராசி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதே பேச்சு ஆய்வகத்துக்குள்ளும் வந்து சேர்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவளை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் செடிச் சாறும் மருந்தும் சேர்த்து மடக்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. வருடக்கணக்காகப் பட்டையும் வேரும் இடித்து வடித்தேன். என் தட்டுகளில் கிருமிகள் கும்மாளம்தான் போட்டன. இவளோ நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். சுவரோரம் கிடந்த களைச்செடி ஒன்றின் இலையைப் பறித்து வந்தாள். இலைச் சாறு தனியாக ஒன்றும் செய்யவில்லை, மருந்தும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. தட்டில் இரண்டும் சேர்த்து ஊற்றிய குழிகள் மட்டும் கலங்கல் இல்லாமல் தெளிந்து நின்றன. கிருமி வளரவே இல்லை என்று அர்த்தம். ஆய்வகத் தலைவர் அவளைப் 'புலி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் 'புலியோட அக்கா' ஆனேன்.

இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. வெளியிலிருந்து வரும் நிபுணர் எங்கள் முடிவுகளைக் கேட்டுவிட்டு, அது யாருக்கு என்று சொல்வார். மற்றவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவளுடைய தட்டின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எரிச்சலோடு அதையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இலைச் சாற்றை அவள் ஆல்கஹாலில் கரைத்திருந்தாள். இலையே இல்லாமல், மருந்தும் வெறும் ஆல்கஹாலும் ஊற்றிய வரிசை அந்தத் தட்டில் இல்லை. ஆல்கஹால் தனியாகக் கொல்லாது, சரி. மருந்தோடு கூட்டுச் சேர்ந்தால்?

அவளிடம் சொல்லியிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை. அந்த வரிசையை நானே போட்டேன். கிருமி செத்தால் இலையின் புகழ் ஆல்கஹாலோடு ஆவியாகிவிடும். யாரும் நொட்டை சொல்லக் கூடாதென்று எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்தேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால் ஒவ்வொரு குழியும் கலங்கிக் கிடந்தது. கிருமிக்கு ஒரு குறையும் இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது: கொன்றது அவளுடைய இலைதான். தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டத்தில் நிபுணர் நேராக அந்த இடத்துக்கே வந்தார். வெறும் ஆல்கஹால் வரிசை எங்கே என்று கேட்டார். தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. போடவில்லை, மறந்துவிட்டேன் என்றாள். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வேலை எனக்கு. உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்லவில்லை.

"அப்போ இந்த இலையை விட்டுடலாம்," என்றார் நிபுணர்.

அவள் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்தக் கலங்கிய குழிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே. இந்த மனிதர் சரியான ஒன்றைத் தப்பு என்று எழுதிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் போட்டேன் சார். நல்லா வளந்திருக்கு. கொன்னது இலைதான்."

அவள் சொல்லிப் போட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அக்காவுக்கும் மரியாதை, தங்கைக்கும் மரியாதை. பாழாய்ப்போன வாய் கேட்கவில்லை.

"இல்ல சார். இவ தப்புன்னு காட்டணும்னுதான் போட்டேன்."

தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து நான் அவளுக்குத் தெரியாமல் செய்ததையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு நிபுணரிடம் திரும்பினாள்.

"அப்போ அதை நீங்க நம்பலாம் சார். நான் தோக்கணும்னு ஆசைப்பட்டவ போட்ட பிளேட்."

நிபுணர் சிரித்துவிட்டார். வேலை அவளுக்குத்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

"போய் எடுத்துட்டு வாக்கா," என்றாள். எழுந்து போனேன்.